23-ஆம் நம்பர் கல்

போன வாரம் அக்கா மகன் பட்டறைக்கு வந்தான். பாலிடெக்னிக்கில் படிக்கிறான், லீவு. மேசைமேல் கிடந்த வெள்ளைச் செங்கலைக் கனமாக இருக்கும் என்று நினைத்து முழுப் பலத்தோடு தூக்கினான். கை தோளுக்கு மேலே போய்விட்டது. "என்ன மாமா, உள்ள ஒண்ணுமே இல்லையா?"

சரியாகத்தான் கேட்டான். அந்தக் கல்லில் பாதிக்கு மேல் வெறும் காற்று. நான் மலேசியாவில், பினாங்குப் பக்கம் பிறை என்கிற ஊரில் உலைகளுக்குக் கல் கட்டுகிற வேலைக்கு வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. 230, 114, 64 மில்லிமீட்டர் அளவில், உலைச் சூட்டைத் தாங்குகிற கெட்டித் தீக்கல் ஒன்று மூன்றரைக் கிலோ வரும். இந்த வெள்ளைக் கல் அதே அளவில் ஒரு கிலோவை எட்டாது. நகத்தால் கீறினால் கோடு விழும். மரம் அறுக்கிற ரம்பமே போதும். அறுத்த முகத்தைப் பார்த்தால் இட்லியைப் பிட்டது போல இருக்கும். (முகமூடி இல்லாமல் மட்டும் அறுக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது.)

இந்த வித்தை என் பாட்டிக்கே தெரியும். கெடாவில் தோட்டத்தில் இருந்தபோது அடுப்பு போட மண்ணோடு உமியைக் கலந்து மிதிப்பார். தீ படுகிற பக்கத்தில் உமி எரிந்துபோகும், அது இருந்த இடம் ஓட்டையாக நிற்கும். கல் செய்கிற தொழிற்சாலையிலும் இதேதான்: களிமண்ணில் மரத்தூளைக் கலந்து சுடுகிறார்கள்.

சூட்டை வெளியே விடாமல் தடுக்க ஓட்டை இருந்தால் மட்டும் போதாது, சின்னதாக இருக்க வேண்டும். சூடு ஏற ஏற, அது காற்று வழியாக நகர்வதைவிட வெளிச்சம் மாதிரி பாய்வதுதான் அதிகம். கெல்வின் கணக்கில் வெப்பநிலை இரண்டு மடங்கானால் அந்தப் பாய்ச்சல் பதினாறு மடங்கு. 27 டிகிரி செல்சியஸில் (கெல்வினில் 300) இருப்பதை 927-க்குக் (கெல்வினில் 1200) கொண்டுபோனால் 256 மடங்கு. பெரிய ஓட்டையை அது ஒரே தாவில் கடந்துவிடும். பொடி ஓட்டைகள் ஆயிரம் இருந்தால் ஒவ்வொரு சுவரிலும் முட்டி முட்டித்தான் போக வேண்டும்.

இவ்வளவு தெரிந்தவன்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

பாலேக் புலாவில் மண்பாண்டம் செய்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய கேஸ் சூளைக்கு உள்கல் மாற்ற வேண்டும். 1280 டிகிரி வரை சுடுவார். என் கையில் இருந்தது 23-ஆம் நம்பர் வெள்ளைக் கல். அந்த நம்பர் பாரன்ஹீட் கணக்கு, 2300 என்று அர்த்தம். நம் கணக்கில் 1260. இருபது டிகிரிதானே என்று வைத்துக் கட்டிவிட்டேன். அந்த நம்பர் கல் தாங்குகிற கடைசி எல்லை, தினமும் போய் நிற்கிற இடமல்ல. அது தெரிந்தும் கட்டினேன்.

ஏழெட்டுச் சூளை சுட்டபிறகு போன் வந்தது. "தம்பி, வெளித் தகட்டுல பெயின்ட் கருகுது."

போய்க் கதவைத் திறந்தால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுனி போகிறது. ஒன்றை உருவி அளந்தேன்: 223 மில்லி. ஏழு மில்லி எங்கே போயிற்று? அளவு மீறிய சூட்டில் ஓட்டைகளின் சுவர் இளகி, ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே இழுத்துக்கொள்கிறது. முதலில் காணாமல் போவது பொடி ஓட்டைகள்தான். கல் சுருங்குகிறது, சந்து விழுகிறது, நெருப்பு நேராகத் தகட்டைப் போய்த் தொடுகிறது. தராசில் வைத்தால் எடை ஏறக்குறைய புதுக்கல்லின் எடையேதான். போனதெல்லாம் காற்று.

கல் விலை, லோரிச் செலவு எல்லாம் என் கையிலிருந்து. உள்ளே 26-ஆம் நம்பர், அது 1427 டிகிரிக்கு. சுருங்காமல் இருந்த 23-ஐப் பின்வரிசையில் வைத்தேன், அங்கே சூடு குறைவு. கட்டின மூன்று நாளும் மழை. ஓட்டை நிறைந்த கல் தண்ணீரைப் பஞ்சு மாதிரிக் குடிக்கும். அப்படியே தீ மூட்டினால் நீராவி வெளியே வர வழியில்லாமல் கல்லை வெடிக்க வைத்துவிடும். அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டிலுக்கும் இதே தலைவலி இருந்தது. அதன் வயிற்றில் ஒட்டியிருந்த சிலிக்கா ஓடுகளில் 90 சதவீதத்துக்கு மேல் வெற்றிடம். நம் செங்கல் அளவுக்கு வெட்டினால் கால் கிலோதான். பூமிக்குத் திரும்பும்போது சுமார் 1260 டிகிரி தாங்கும். ஆனால் தண்ணீர் ஏறாமல் இருக்கப் போட்ட மருந்து அந்தச் சூட்டில் எரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஓடு ஓடாக மறுபடி மருந்து ஏற்றினார்கள், ஆயிரக்கணக்கான ஓடுகளுக்கு. நான் தார்ப்பாய் ஒன்றோடு மல்லுக்கட்டியதற்கே புலம்பினேன்.

கதவை லேசாகத் திறந்துவைத்து, சின்னத் தீயில் ஒரு ராத்திரி முழுக்க நூறு டிகிரியைத் தாண்டவிடாமல் காய வைத்தோம். அப்புறம்தான் மெல்ல ஏற்றினோம்.

மறுவாரம் முழுச் சூட்டில் சுட்ட அன்றைக்கு இரவு பதினோரு மணிக்கு அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, 1280 வந்துருச்சு. தகட்டுல கை வச்சுப் பார்த்தேன்."

"ஐயோ, ஏன்க்கா!"

"மூணு எண்ணுற வரைக்கும் வச்சிருந்தேன்."