கறுப்புக் காரும் அப்பாவின் வேட்டித் துண்டும்

போன மார்கழியில் ஒரு ராத்திரி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருமுனை எல்.இ.டி. விளக்குக்குக் கீழே காரை நிறுத்தி இறங்கினேன். பானெட்டைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள். வாங்கி இரண்டரை வருஷம்கூட முடியாத கறுப்புக் கார். எங்கேயும் இடித்ததில்லை, உரசியதில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கே காரணம் தெரிந்துவிட்டது. பழைய வேட்டியைக் கிழித்த துண்டோடு அப்பா காரைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் செய்வதுதான். மகள் அழுக்குக் காரில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகக் கூடாது அவருக்கு. "காய்ஞ்ச துணியால தேய்க்காதீங்கப்பா" என்றதும், "தூசியத்தானம்மா தட்டுறேன்" என்றார், முகம் வாடி.

அந்தத் தூசியில்தான் விஷயமே இருக்கிறது. புதுச்சேரிச் சாலையில் முள்ளோடை, கன்னியக்கோவில், தவளக்குப்பம் என்று போய்த் திரும்பும்போது ஒட்டுவது வெறும் புழுதி இல்லை. கடற்காற்று கொண்டுவரும் உப்பும் பொடிமணலும் சேர்ந்த பூச்சு. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். நிறத்துக்கு மேல் பளபளப்புக்காக அடித்திருக்கும் கிளியர் கோட்டோ பெரும்பாலும் 50 மைக்ரான் அளவுதான். நம் தலைமுடியைவிட மெல்லியது. காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் உப்புத்தாள் போடுகிற மாதிரிதான்.

தண்ணீர் ஊற்றிக் கழுவலாமே என்பீர்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு. வாளி வாளியாக ஊற்றித் துடைப்பதற்குள் வெயிலில் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த கால்சியமும் மக்னீசியமும் பெயிண்டில் தங்கிவிடும். குடிக்க வருகிற குழாய்த் தண்ணீரைக் காருக்கு ஊற்ற எனக்கு மனசு வராது.

அப்படித்தான் தண்ணீர் ஊற்றாமலே காரைத் துடைக்கும் வாட்டர்லெஸ் வாஷுக்கு வந்தேன். ஸ்பிரே பாட்டிலில் வரும் திரவம். அழுக்கை இளக்கும் பொருளும், துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே வழுக்கலைத் தரும் பாலிமரும் இருக்கும். சிலவற்றில் மெழுகும் சேர்ப்பார்கள். என் சின்ன காருக்கு ஒரு தடவைக்குக் கால் லிட்டர் போதும்.

திரவத்தைவிடத் துணி முக்கியம் என்பது என் அனுபவம். தடிமனான மைக்ரோஃபைபர் துணி, குறைந்தது ஆறு வேண்டும். நாலாக மடித்தால் திருப்பித் திருப்பி எட்டு முகம் கிடைக்கும். ஒரு கதவுக்கு இரண்டு முகம்; அழுக்கான முகம் மறுபடி பெயிண்டில் படவே கூடாது. நிழலில், பானெட் கைக்குச் சூடு தெரியாமல் ஆறிய பிறகுதான் தொடங்குவேன். ஒரு பகுதி நன்றாக நனையும்படி அடித்து, அரை நிமிஷம் ஊறவிட்டு, துணியை அழுத்தாமல் ஒரே திசையில் நேராக இழுக்க வேண்டும். வட்டமாகச் சுழற்றக் கூடாது. ஈரம் காய்வதற்குள் இன்னொரு துணியால் ஒற்றி எடுத்துவிடுவேன். கூரையில் தொடங்கி, கதவின் அடிப்பகுதி கடைசி. சக்கரத்துக்குத் தனித் துணி.

துணி தரையில் விழுந்தால் அன்றைக்கு அதைத் தொடாதீர்கள். துவைக்கும்போது துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் வேண்டாம். இழையில் படிந்து அழுக்கை வாங்கும் தன்மையைக் கெடுத்துவிடும்.

காக்கை எச்சத்தை மட்டும் வாராந்திரத் துடைப்புக்குக் காத்திருக்க விடாதீர்கள். அது அமிலம், வெயிலில் பெயிண்டையே அரித்துவிடும். திரவத்தில் நனைத்த துணியை அதன்மேல் ஐந்து நிமிஷம் போட்டு வைத்து, பிறகு மெல்ல எடுத்துவிடுங்கள்.

ஆனால் மழைக்காலத்துச் சேற்றுக்கும், தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நிறுத்தி மணல் அப்பிய காருக்கும் இது ஆகாது. அங்கே தண்ணீர் பீய்ச்சியே ஆக வேண்டும். வண்டியின் அடிப்பக்கத்துக்கும் அப்படித்தான். உப்புக் காற்றில் துரு முதலில் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில்தான். மாதம் ஒருமுறை வாட்டர் சர்வீஸுக்கு விட்டு, அடியை மட்டும் நல்ல தண்ணீரில் அடிக்கச் சொல்கிறேன். அங்கேயும் அவர்கள் துணியால் பாடியைத் தொட விடுவதில்லை.

பழைய கீறல்களை ஒரு பாலிஷ் கடையில் பாதிக்கு மேல் எடுத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்து எடுத்துத்தான் பளபளப்பைத் தருகிறது என்பதால் மீதியை அப்படியே விட்டுவிட்டேன்.

அப்பாவிடமிருந்து வேட்டித் துண்டைப் பிடுங்க மனசில்லை. டயருக்கு அதைக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பமர நிழலில் நான் ஸ்பிரே அடிக்க, அவர் இழுத்துத் துடைக்கிறார். போன வாரம் பின்கதவில் நான் ஒரே முகத்தால் மூன்றாவது தடவை துடைக்கப் போனபோது, "திருப்பும்மா, அது அழுக்கு" என்று துணியை வாங்கி மடித்துக் கொடுத்தார்.