அமராவதி மணலும் வார்ப்புக் காசுகளும்

சங்ககாலச் சேரர் காசுகளுள் பல, கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்துத் தேடியவர்கள் வழியாகவே வெளியே வந்தன. மாக்கோதை, கொல்லிப்பொறை, கொல்லிரும்பொறை என்று தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் பெயர் பொறித்த அக்காசுகளை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்டார். நம் மண்ணை ஆண்டவனின் பெயர் பொறித்த காசைக் கையில் ஏந்திப் பார்க்கும் ஆசை கொங்கு நாட்டில் பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு. இன்று போலிக்காசு விற்பவர்களுக்கு முதலீடே அந்த ஆசைதான்.

நண்பர் ஒருவர் விலைகொடுத்து வாங்கிய இரு வெள்ளிக் காசுகளை அண்மையில் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். முற்காலத்தில் அச்சிட்ட காசுகளைச் சம்மட்டியால் அடித்தே செய்தார்கள்; ஆகையால் ஒரே அச்சில் அடித்த இரண்டுகூட ஓரத்திலும் எடையிலும் சற்றே மாறுபடும். இவற்றிலோ அரசன் உருவத்தின் காதருகே இருந்த கீறல் இரண்டிலும் இம்மி பிசகாமல் ஒரே இடத்தில் இருந்தது. பரப்பெங்கும் ஊசிமுனை அளவுக் குழிகள். எழுத்துகளின் ஓரங்கள் மழுங்கியிருந்தன. விளிம்பைச் சுற்றி வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு, அரத்தால் தேய்த்தும் முழுதாக மறையவில்லை. ஏதோ ஒரு காசிலிருந்து அச்செடுத்து வார்த்தவை அவை.

பணம் போனது சிறிய இழப்பு. ஆற்று மணலில் கிடைத்த காசுக்கு, எந்தக் காலத்து மண்ணடுக்கில் புதைந்து கிடந்தது என்ற சாட்சி கிடையாது; அதன் உலோகமும் எழுத்தும் மட்டுமே அதற்காகப் பேச வேண்டும். சந்தையில் போலி பெருகப் பெருக, உண்மையான மாக்கோதைக் காசின் மீதும் ஐயம் படிகிறது என்பதே என்னை வருத்துகிறது.

வாங்குபவரின் ஏக்கத்தைப் படித்தறிவதே எங்கும் போலி செய்வோரின் முதல் வேலை. பாரிசின் லூவர் அருங்காட்சியகம் 1896இல் சைத்தபெர்னேஸ் என்ற சித்திய மன்னனின் பொன்முடி என்று நம்பி ஒன்றை 2,00,000 பிராங்குக்கு வாங்கியது. அதைச் செய்தவர் ஒதெசா நகரத்துப் பொற்கொல்லர் இசுரேல் ருகோமோவ்சுகி. 1903இல் அவரே பாரிசுக்கு வந்து, அதன் ஒரு பகுதியைத் தம் கையால் செய்து காட்டி மெய்ப்பித்தார்.

ஏமாற்றும் எண்ணம் இல்லாமலும் பழமை புதிதாகப் புனையப்படுவதுண்டு. கிரீட் தீவின் நோசோசு அரண்மனையை அகழ்ந்த ஆர்தர் எவான்சு, அதன் பகுதிகளைச் சிமென்ட் கொண்டு எழுப்பினார். சிதைந்த ஓவியத் துண்டுகளை இணைத்துக் குங்குமப்பூப் பறிக்கும் நீலச் சிறுவன் ஒருவனையும் உருவாக்கினார். அது சிறுவன் அன்று, குரங்கு என்று பின்னாளில் தெரியவந்தது. நம் நாட்டிலோ, உடைந்த சிந்துவெளி முத்திரை ஒன்றில் குதிரை இருப்பதாகக் காட்டிய கணினிப் படத்தை 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் மைக்கேல் விட்சலும் சுடீவ் பார்மரும் மறுத்தார்கள். அது ஒற்றைக்கொம்பு விலங்கின் பின்பாதி மட்டுமே.

நமக்கு இந்தப் புனைவுகள் எவையும் தேவையில்லை. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர், சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் கொடுமணலாக இன்றும் இருக்கிறது. 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில், ஆதன், சாத்தன் போன்ற பெயர்கள் கீறிய பானை ஓடுகளும், துளையிடும்போது உடைந்துபோன கல்மணிகளும் மண்ணடுக்குகளிலிருந்தே எடுக்கப்பட்டன. அரைகுறையாக நின்றுவிட்ட ஒரு சூதுபவள (செந்நிறக் கல்) மணி, அங்கே பட்டறை நடந்தது என்பதற்கே சாட்சி. முழுமையான அழகிய மணி அந்தச் சாட்சியைச் சொல்லாது. அத்தகைய உடைசலை எந்த வணிகரும் போலியாகச் செய்து விற்க முனையமாட்டார், ஏனெனில் அதை யாரும் ஏங்கித் தேடுவதில்லை.

ஆகவே, தோட்டத்தில் கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ காசோ எழுத்துள்ள ஓடோ கிடைத்தால், அதைப் புளிபோட்டுத் தேய்க்காமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் படமெடுத்து வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தெரிவியுங்கள். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது.