கோழிக்கூட்டுச் செயற்றிட்டம்: கூட்டுபவரிடமிருந்து தொடங்கிய வரைபடம்

விவசாய டிப்ளோமாவின் இறுதியாண்டில் வீட்டுக் கோழிக்கூடு ஒன்றை வடிவமைத்துக் கட்டி, அதைப் பற்றிய வாய்மொழிப் பரீட்சைக்கும் தோற்றியவன் என்ற வகையில், இதே தலைப்பைத் தெரிவு செய்யும் மாணவர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

எனது முதல் வரைபடத்தில் கணக்குகள் பிழைக்கவில்லை. முட்டைக் கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி வீதம் 12 கோழிகளுக்கு 24 சதுர அடித் தளம், இரவில் ஏறித் தங்கும் தடியில் கோழிக்கு 20 சென்ரிமீற்றர், நான்கு கோழிகளுக்கு ஒரு முட்டைப்பெட்டி, வெயில் உள்ளே விழாதபடி கிழக்கு மேற்காக நீளப்பாடு என எல்லாம் பாடக்குறிப்பில் உள்ளபடியே இருந்தன. படத்தைப் பார்த்த விரிவுரையாளர் ஒன்றை மட்டும் கேட்டார்: “தம்பி, இதைக் கூட்டப்போறது ஆர்?”

எங்கள் வீட்டில் கூட்டுபவர் அம்மம்மா. அன்று பின்னேரமே வளவின் கோடிப்புறத்தில் 6 அடிக்கு 4 அடியாகக் கயிறு கட்டி, ஒடுங்கிய பக்கத்தில் நான் வரைந்திருந்த ஒன்றரை அடிக் கதவின் அகலத்துக்கு இரண்டு கதியால்களை நட்டு, அவற்றுக்கிடையே அம்மம்மாவை நிற்கவைத்துத் தும்புத்தடியைக் கையில் கொடுத்தேன். தடியின் பிடி கதியாலில் முட்டியது, உள்மூலை எட்டவில்லை. “குனிஞ்சு நிண்டு கூட்ட எனக்கு ஏலாது ராசா” என்றார். முழு வரைபடத்தையும் அன்றிரவே மாற்றினேன். நீங்கள் பென்சிலை எடுப்பதற்கு முன்னரே இந்தக் கயிற்றுச் சோதனையைச் செய்யுங்கள்.

புதிய கூட்டின் தளம் நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் அமைந்தது. 4 அடி ஆழத்தை ஒரு பக்கத்திலிருந்து கையால் எட்ட முடியாது என்பதால், நீளமான இரு பக்கங்களிலும் முழு அகலத்துக்கும் கதவுகள் வைத்தேன். எந்தப் பக்கம் நின்றாலும் 2 அடி எட்டினால் போதும். பலகைத் தளத்தின் மேல் தகட்டை ஒரே துண்டாக விரித்து ஓரங்களை மேலே மடித்ததால், எச்சம் அடைந்துகொள்ளும் மூட்டுகள் இல்லாமற் போயின. 4 அங்குல உமிப் படுக்கையைத் தாங்கும் வாசற் பலகையை ஆணி அடிக்காமல் தவாளிப்பில் இறக்கியிருந்தேன். அதை உருவிவிட்டால், உமியை அப்படியே இழுத்துக் கீழே நிற்கும் தள்ளுவண்டியில் விழுத்தலாம். தடிகளுக்குக் கீழே சாம்பல் தூவிய தகரத் தட்டு ஒன்று உண்டு. கோழி இரவு முழுவதும் அதே இடத்தில் இருந்து எச்சமிடுவதால், காலையில் அந்தத் தட்டை மட்டும் வழித்தெடுத்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். முட்டைப்பெட்டிகளின் மேற்பலகையைச் சரிவாக வையுங்கள். மட்டமாக இருந்தால் கோழிகள் அதில் ஏறி உறங்கி அழுக்காக்கும்.

தடிகளையும் நான் கழற்றக்கூடியவையாகவே அமைத்தேன். முட்டை குறைந்த ஒரு வாரத்தில், இரவு ரோச் வெளிச்சத்தில் தடியின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தபோது, துணியில் மெல்லிய இரத்தக் கோடுகள் பதிந்தன. பகலில் வெடிப்புகளுக்குள் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து இரத்தம் குடிக்கும் சிவப்பு உண்ணிகள் அவை. தடிகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்தேன். ஆணி அடித்து இறுக்கிய தடியாக இருந்திருந்தால் இது இயன்றிராது.

வாய்மொழிப் பரீட்சையில் அதிக நேரம் பேசப்பட்டது மாரிகாலத்தைப் பற்றியே. ஐப்பசி, கார்த்திகை மழைச் சாரலில் உமி நனைந்தால், இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கொக்சிடியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணியின் முட்டைகள் அந்த ஈரச்சூட்டில் ஓரிரு நாட்களிலேயே தொற்றும் நிலையை அடைந்துவிடுகின்றன. சாதாரண கிருமிநாசினிகள் அவற்றைக் கொல்வதில்லை, உலர்வே காப்பு. இதற்காகவே கூரையை 3 அடி வெளியே நீட்டியிருந்தேன். உமியை ஒரு பிடி எடுத்து அழுத்தி விரலைத் திறக்கும்போது உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் மாற்ற வேண்டும் என்று செய்து காட்டினேன்.

“நாள்தோறும் தண்ணீர் விட்டுக் கழுவலாமே?” என்று பரீட்சகர் கேட்டார். யாழ்ப்பாணத்தில் கூடாது என்றே பதிலளித்தேன். எங்கள் மண்ணுக்கு அடியில் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கிணற்றைச் சென்றடைய நெடுநேரம் எடுப்பதில்லை. குடாநாட்டுக் கிணறுகளில், நைதரசனிலிருந்து உண்டாகும் நைத்திரேற்று ஏற்கெனவே கவலைக்குரிய விடயமாக இருக்கும்போது, நைதரசன் மிகுந்த கோழி எச்சத்தைக் கழுவி நிலத்தில் விடுவது நாம் குடிக்கும் நீரையே கெடுப்பதாகும். ஆகவே உலர்வாக வழித்து, கிணற்றடிக்கு எதிர்ப்புற வேலியோரம் கூரையின் கீழ் கூட்டெருவாக மக்கவைத்து, பிறகே வாழைகளுக்கு இட்டோம். வரைபடத்தில் கூட்டை மட்டும் வரையாமல், கிணறு, எருக்குவியல், மழைநீர் ஓடும் திசை மூன்றையும் சேர்த்து வரைந்து கொண்டுபோங்கள். பரீட்சகரின் விரல் என் படத்தில் முதலில் தொட்டது கிணற்றைத்தான்.