மான்கள் போகும் வழி

மதியம் கிருணா தேவாலயம் நகரும் காணொளியைப் பார்த்தேன். 2025 ஆகஸ்டில் எடுத்தது. 672 டன் மரக்கட்டடம், அப்படியே சக்கரங்களின் மேல் ஏறி, ஐந்து கிலோமீட்டரை இரண்டு நாளில் கடக்கிறது.

அதற்காகச் சாலையையே அகலப்படுத்தியிருக்கிறார்கள்.

வடக்கு சுவீடன். ஊருக்கடியில் இரும்புச் சுரங்கம். நிலம் இறங்குவதால் ஊர் இடம் மாறுகிறது. பக்கத்திலேயே 10 லட்சம் டன்னுக்கு மேல் அரிய மண் ஆக்சைடுகள் இருப்பதாக எல்.கே.ஏ.பி. என்ற சுரங்க நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. மின்சாரக் கார், காற்றாலைக் காந்தங்களுக்குத் தேவையானவை.

சரி, ஆனால் அங்கே மான் மேய்க்கும் 'சாமி' (Sámi) என்ற பழங்குடியினரில் கப்னா சமூகத்தாரின் ரெயின்டீர் (பனிமான்) மந்தைகள் அந்த வழியாகத்தான் கோடையில் மலைக்கும் குளிரில் காட்டுக்கும் போய்வருகின்றன. பழைய சுரங்கம் ஏற்கெனவே ஒரு வழியை அடைத்துவிட்டது. அந்த ஆக்சைடுகளுக்காகப் புதிய சுரங்கமும் வந்தால் மிச்சமிருப்பதும் துண்டாகும் என்கிறார்கள்.

எனக்கு மனசு ஆறாதது இதுதான். காலநிலை மாற்றத்தின் அடியும் அவர்களுக்கே முதலில் விழுகிறது. குளிர்காலத்தில் மழை பெய்து பனிமேல் கட்டியாக உறைந்து இறுகிவிட்டால், மான்களால் அடியிலிருக்கும் கற்பாசியைக் (லைக்கன்) கிளறித் தின்ன முடியாது. அந்த மாற்றத்தைத் தடுக்கிறோம் என்று சொல்லி மேய்ச்சல் வழியையும் பறிப்பது எந்த ஊர் நியாயம்?

முதலில் கப்னா மக்களின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். மறுத்தால் அதையும் ஏற்க வேண்டும்.