உவரிக் கரையிலிருந்து பார்த்தால் விசிறிக்கு வயதாகவில்லை

உவரிக் கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்கள், தாழ்வாகப் போகும் விசிறி வைத்த கண்காணிப்பு விமானத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இரைச்சலை வைத்தே "டார்னியர் போகுது" என்று சொல்லிவிடுவார்கள். அது கடற்படையினுடையதா, கடலோரக் காவல்படையினுடையதா என்பதில் மட்டும்தான் தகராறு வரும். போன வாரம் உடன் வந்திருந்த என் அக்காள் மகன், "ரஃபேல் வாங்கியாச்சு மாமா, இன்னுமா இந்தக் காத்தாடி பிளேன்?" என்று கேட்டான்.

2025 ஏப்ரலில் 26 கடற்படை ரஃபேல் போர் ஜெட்டுகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது உண்மைதான். ஆனால் கடற்படை விமானத்தின் வேலையில் பெரும்பகுதி சண்டையன்று, கடலின் மேல் கண்காணித்துக் காத்திருப்பது. பணகுடிப் பக்கம் காற்றாலைகளின் நீண்ட இறக்கைகள் காற்றிடமிருந்து வேலை வாங்குகின்றன. விமானத்தின் விசிறி அதையே திருப்பிச் செய்கிறது. அகன்ற வட்டத்துக் காற்றை மெதுவாகப் பின்னே தள்ளுவதால், தாழ்வாகவும் நிதானமாகவும் பறக்கையில் அதற்கு எரிபொருள் குறைவாகவே செலவாகும். ஜெட் கொஞ்சக் காற்றை மிக வேகமாகத் தள்ளுவது. உயரத்தில்தான் அதற்குக் கட்டுப்படியாகும்.

விசிறி என்றாலே மெதுவானது என்பதும் சரியில்லை. அரக்கோணத்திலிருந்து பறந்து 2017 மார்ச்சில் ஓய்வுபெற்ற டியூ-142 கடல் கண்காணிப்பு விமானத்தில், ஒவ்வோர் எஞ்சினுக்கும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள் இருந்தன. அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர். அதன் இடத்துக்கு வந்த பி-8ஐ, போயிங் 737 பயணிகள் விமானத்தின் உடலில் அமைந்த ஜெட். தொலைவான இடத்துக்கு விரைந்து போய்ச் சேர்வதிலும், உலகெங்கும் உதிரிபாகம் கிடைப்பதிலும் அது தேர்வு பெற்றதில் வியப்பில்லை. 2017 ஒக்கிப் புயலுக்குப் பின் மீனவர்களைத் தேடியபோது விசிறி வைத்த டார்னியரும் ஜெட்டான பி-8ஐயும் பறந்தன.

விசிறியின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. 1971 போரில் விமானந்தாங்கிக் கப்பலான பழைய விக்ராந்திலிருந்து சீ ஹாக் ஜெட்டுகளோடு விசிறி வைத்த அலிசேயும் குண்டு வீசியது; அதே டிசம்பரில் ஓர் அலிசேயைப் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் ஜெட் சுட்டு வீழ்த்தியது. எதிரி ஜெட் வந்துவிட்டால் விசிறி விமானத்தால் தப்பி ஓட முடியாது.

ஆளில்லாதபோது அந்தக் கணக்கு மாறுகிறது. 2020 முதல் குத்தகைக்கு எடுத்துப் பறக்கவிட்ட சீ கார்டியனுக்கு வாலில் ஒரே விசிறி. ஒரே மூச்சில் 30 மணி நேரத்துக்கு மேல் வானில் நிற்கும். களைத்துப்போக அதற்குள் விமானி இல்லை. அடுத்த இருபது ஆண்டுகளின் கடல் கண்காணிப்பு இதன் கையில்தான் என்பது என் எண்ணம்.

எனக்குள்ள குறை வேறொன்று. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களில் வானத்துக் கண்ணாக இருப்பது விசிறி வைத்த ஹாக்ஐ (Hawkeye) ரேடார் விமானம். புதிய விக்ராந்தில் விமானத்தை உந்தி எறியும் கவண்பொறி இல்லை. ஓடுதளத்தின் முனை மேல்நோக்கி வளைந்திருப்பதோடு சரி. அதனால் அந்தக் காவல் வேலையைக் காமோவ்-31 ஹெலிகாப்டர் பார்க்கிறது. ஹாக்ஐ பறக்கும் உயரமும் நேரமும் அதற்கு எட்டாதவை.