21 நாள் கணக்கு

ஜூன் 6, செவ்வாய்
கீமோ, சிவப்பு மருந்து. நர்ஸ் கையாலேயே மெதுவாக ஏற்றினார். நான் வாயில் ஐஸ்கட்டியை அதக்கிக்கொண்டு மனசுக்குள் கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன். செவி, நாசி, பல், நாக்கு, கன்னம், கழுத்து என்று இறங்கி வந்தவள் மார்பு வந்ததும் நின்றுவிட்டேன். 30 வருஷமாகச் சொல்கிற வரி. ஒரே தாவாகத் தோளுக்குப் போய்விட்டேன். முருகன் கவனித்திருப்பாரோ?

பக்கத்து நாற்காலி பாய் வீட்டம்மா தஸ்பீஹ் மணி உருட்டியபடியே தூங்கிப்போனார். விழித்ததும் "எண்ணிக்கை விட்டுப்போச்சும்மா" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஜூன் 7
சிறுநீர் சிவப்பு. சொல்லித்தான் அனுப்பினார்கள். இருந்தாலும் கை நடுங்கிவிட்டது.

ஜூன் 10
சாமியும் வேண்டாம், ரசமும் வேண்டாம்.

ஜூன் 16
அத்தை வைத்தீஸ்வரன்கோயில் போய்விட்டு வந்தார். உப்பு, மிளகு போட்டு, குளத்தில் வெல்லம் கரைத்தாராம். கோயில் பிரசாத மருந்து திருச்சாந்துருண்டையும் ஒரு பாட்டில் தீர்த்தமும் கையில். இந்த வாரம் வெள்ளை அணு இறங்கும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். மூட்டுவலியோடு பஸ்ஸில் போய் வந்தவர் டம்ளரோடு நிற்கிறார். "கண்ணுல ஒத்திக்கிறேன் அத்தை." முகம் சுண்டிப்போச்சு.

ராத்திரி அடுப்படியில் சத்தம். தீர்த்தத்தைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறார்! "சாமி கோச்சுக்காதுடி."

ஆறட்டும் அத்தை என்று வந்து படுத்துவிட்டேன்.

ஜூன் 18
98.4. நாலு தடவை பார்த்தாச்சு. தீர்த்தம் இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 23
தலையணை முழுக்க முடி. எனக்குப் பழனியில் முடி இறக்குவதாக அத்தை வேண்டியிருந்தார், மருந்து முந்திக்கொண்டது. உதிர்ந்ததைப் பொறுக்கி மஞ்சள் துணியில் முடிந்து வைக்கிறார். கணக்கில் வருமா இது?

ஜூன் 24
எதிர்வீட்டம்மா வந்தார். போன ஜென்மத்துப் பாவமாம். காபி கொடுத்து அனுப்பினேன். அந்த ஜென்மத்திலாவது பாவம் பண்ணுகிற அளவுக்கு வசதியாக இருந்தேனா என்று கேட்டிருக்கலாம். இடது பக்கம் பஞ்சு நகர்ந்து கிடந்ததை அவர் பார்த்துவிட்டார். அதுதான் விடிய விடிய உறுத்தியது.

ஜூன் 26
ரத்தம் எடுத்தார்கள். ஆபரேஷன் ஆன பக்கம் என்பதால் இடது கையில் இனி ஊசியே கூடாது, வலதில் நரம்பு கிடைக்காமல் மூன்று குத்து. வெள்ளை அணு கவுண்ட் 1,900, போதாது. நாளைக்கு மருந்து இல்லை, ஒரு வாரம் தள்ளி. சந்தோஷமாக இருந்தது. ஆட்டோவில் அழுதேன்.

ஜூன் 27, செவ்வாய்
விளக்கேற்றிக் கவசம். கழுத்து வரைக்கும் வந்தேன். வலது பக்கம் இருக்கிறதே, அதற்காவது கேட்க வேண்டாமா? சத்தம் வரவில்லை. கூடத்திலிருந்து அத்தை வரியை எடுத்துக்கொடுத்தார். மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

ஜூலை 3
காலை எட்டு மணிக்கு மறுபடி ரத்தம்.