வண்டி என்ன ஆச்சு?

மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. எந்த ரயிலிலும் டிக்கெட் கிடைக்கவில்லை. சரி, 44 வருடமாகக் குடியிருக்கும் ஊரையே சுற்றுலாப் பயணி மாதிரி சைக்கிளில் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். வீட்டில் அறிவித்ததும் மனைவி சொன்னாள்: "போறதுதான் போறீங்க, வரும்போது அம்மாவோட மாத்திரையை வாங்கிட்டு வந்துடுங்க."

சுற்றுலாப் பயணியிடம் யாரும் மாத்திரை வாங்கிவரச் சொல்வதில்லை. இருந்தாலும் தலையாட்டிவிட்டேன்.

எனக்கு நானே சில விதிகள் போட்டுக்கொண்டேன். தொப்பி, தண்ணீர் பாட்டில், முதுகில் பை. தெரிந்த இடமானாலும் வழி கேட்டுத்தான் போக வேண்டும். எந்தக் கல்வெட்டையும் அறிவிப்புப் பலகையையும் படிக்காமல் தாண்டக் கூடாது. சைக்கிள், அக்காள் மகனுடையது. 21 கியர். கொடுப்பதற்கு முன் அவன் என்னை ஏற்றி உட்காரவைத்து, "மாமா, பெடல் கீழ இருக்கும்போது குதிகாலை அதுமேல வைங்க. கால் நேரா நீளணும். அப்பதான் சீட் உயரம் சரி. இல்லேன்னா முட்டி போயிடும்" என்றான். அதற்கு ஏற்றபடி சீட்டை உயர்த்தியதும் தரை எங்கேயோ போய்விட்டது. "நிக்கணும்னா?" என்று கேட்டேன். "சீட்டை விட்டு முன்னால இறங்கணும் மாமா" என்றான், குழந்தைக்குச் சொல்வது போல.

தெருமுனை தாண்டவில்லை, முதல் கேள்வி வந்தது. "என்ன சார், வண்டி என்ன ஆச்சு?"

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, சும்மாதான் என்றேன். நம்பவில்லை. அடுத்தவர் குரலைத் தாழ்த்தி, "டாக்டர் சொன்னாரா?" என்றார். மூன்றாமவர் நேராகவே, "சுகர் எவ்வளவு இருக்கு?" என்றார். நாற்பது தாண்டிய ஆள் சைக்கிள் மிதித்தால், ஒன்று கையில் பணம் இல்லை, இல்லையென்றால் உடம்பில் ஏதோ இருக்கிறது; மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்பதை ஏற்க யாரும் தயாராக இல்லை. ஐந்தாவது ஆளிடம் நானே, "ஆமாங்க, டாக்டர்தான் சொன்னார்" என்று சொல்லிவிட்டேன். உடனே வழிவிட்டார்.

அப்புறம் மேட்டுத் தெரு. பள்ளிக்கூட நாளிலிருந்து சொல்லிவரும் பெயர். ஸ்கூட்டரில் எத்தனையோ முறை போன தெரு. அதில் மேடு இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெரிய மலை ஒன்றும் இல்லை. 100 மீட்டருக்கு 3 மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: சைக்கிளையும் சேர்த்து என்னை நானே ஒரு மாடி உயரத்துக்குத் தூக்கிவைக்கிற வேலை. ஸ்கூட்டரில் போகும்போது இந்தக் கூலியைப் பெட்ரோல் கொடுத்துவிடுகிறது, நமக்குத் தெரிவதில்லை.

கியரை மாற்றினால் லேசாகும் என்று மாற்றினேன். இன்னும் கனத்தது. முன்னால் இருக்கும் பல்சக்கரத்தில் சின்னது லேசு. பின்னால் இருப்பதில் பெரியது லேசு. நான் இரண்டையும் கச்சிதமாகத் தலைகீழாகச் செய்து, முன்னால் பெரியதும் பின்னால் சின்னதுமாக, 21 கியரிலேயே கடினமான ஒன்றில் மேட்டுத் தெருவில் ஏறிக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டி ஒரு பெரியவர் நடந்து போனார். திரும்பிப் பார்த்து, "வண்டி என்ன ஆச்சு தம்பி?" என்றார்.

மேட்டில் வைத்துச் செயின் கழன்றது. பின்னால் தொங்கும் கியர் கொக்கியை முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்தால் செயின் தளரும். இரண்டு பல்லில் மாட்டிவிட்டுப் பெடலைச் சுற்றினால் மீதி தானாக ஏறிக்கொள்ளும். ஒரு நிமிட வேலை. எனக்கு இருபது நிமிடம் ஆனது. முகத்து வியர்வையை எந்தக் கையால் துடைத்தேன் என்பது பிற்பாடு போட்டோவில்தான் தெரிந்தது.

மணிக்கூண்டில் விதிப்படி ஒருவரிடம், "மணிக்கூண்டு எங்கே இருக்கு?" என்று கேட்டேன். அவர் என்னையும், என் கரி முகத்தையும், தலைக்குமேல் இருந்த மணிக்கூண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போய்விட்டார். நானும் பயணிக்குரிய பொறுமையோடு அதைச் சுற்றி வந்தேன். நான்கு பக்கமும் கடிகாரம். அலுவலகம் போகும் வழியில் இருப்பதால் மேற்கு முகத்தை மட்டுமே இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். நான்கும் நான்கு நேரம் காட்டின. கிழக்கு முகம் 25 நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அலுவலகத்தில் கிழக்குத் தெரு நண்பர் ஒருவர் தினமும் தாமதமாக வருவார். அவரைப் பற்றி இதுவரை பேசியதையெல்லாம் மனதுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஆற்றுப் பாலத்தில் எதிர்காற்று. காற்றின் தடை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும்போது எதிரே அதே வேகத்தில் காற்றும் வந்தால் தடை இரட்டிப்பு இல்லை, நான்கு மடங்கு. திரும்பி வரும்போது அந்தக் காற்றே முதுகைத் தள்ளிவிட வேண்டும் என்பது கணக்கு. திரும்பும்போதும் எதிர்காற்றுதான் அடித்தது. இதற்கு எந்தச் சூத்திரமும் உதவவில்லை.

பாலத்துத் திட்டில் உட்கார்ந்திருந்த முதியவரிடம், "ஐயா, நான் வெளியூர். இந்தப் பாலம் எப்போ கட்டினது?" என்று கேட்டேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "வெளியூரா? நீ கணக்குப்பிள்ளை பேரன்தானே? இந்தப் பாலம் கட்டும்போது கூலிக் கணக்கு எழுதினதே உன் தாத்தாதான். எனக்கு இன்னும் ரெண்டு நாள் கூலி பாக்கி."

இப்படி ஒரு கல்வெட்டை நான் எதிர்பார்க்கவில்லை. தாத்தா பாலத்தைப் பற்றி வீட்டில் வாயைத் திறந்ததே இல்லை. ஏன் என்று இப்போது புரிந்தது. வேகமாகக் கிளம்பினேன். கியர் இந்த முறை சரியாக விழுந்தது.

1817-இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் தான் உருவாக்கிய இரண்டு சக்கர வண்டியில் முதல் பயணம் போனார். அதற்குப் பெடலே கிடையாது. காலால் தரையை உந்தி உந்தித்தான் ஓட்ட வேண்டும். அதிலேயே ஏறத்தாழ 13 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். நான் 21 கியரோடு 11 கிலோமீட்டர் போக எடுத்துக்கொண்டது மூன்றேகால் மணி நேரம். ஆனால் அவரை நிறுத்தி யாரும் சுகர் எவ்வளவு என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டு வாசலை அடைவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. மேட்டுத் தெருவில் நான் விழுந்துவிட்டதாகவும், முகமெல்லாம் காயம் என்றும், டாக்டர் ஏதோ பெரிதாகச் சொல்லியிருக்கிறார் என்றும். அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். காயம் இல்லை, கிரீஸ் என்று நிரூபிக்கக் கால் சோப்பு செலவானது.

ராத்திரி மகள் போட்டோக்களை நகர்த்திப் பார்த்தாள். மொத்தம் 41. மணிக்கூண்டில் சாய்ந்த சைக்கிள், பாலத்தில் சாய்ந்த சைக்கிள், மரத்தில் சாய்ந்த சைக்கிள்.

"அப்பா, ஊர் எங்கே?"

"பின்னாடி இருக்கு பாரு" என்றேன்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது: "மாத்திரை எங்கே?"

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையில் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். "சைக்கிள் என்ன ஆச்சு சார்?"